பகர்வோர் வீதி

'பகர்தல்' என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்றும் விற்றல் என்றும் இரு பொருளுண்டு. அவற்றின் பொருத்தத்தை அறிய விரும்புவோர் அகராதியை மூடிவைத்துக் கொழும்புப் புறக்கோட்டைக்குச் செல்க. அங்கே கூவாதவன் விற்பதில்லை.

சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்திலே சாந்தும் பூவும் விற்போர் திரிந்த வீதியைக் காட்டுகின்றது. இரு பாக்கங்களுக்கும் இடைப்பட்ட சோலையிலே நாளங்காடி கூடியது. மதுரைக்காஞ்சி அல்லங்காடியையும் கூறும். ஆங்கெல்லாம் வீதியே அங்காடி. நடுவீதியை வண்டிகளுக்குக் கொடுத்து மாந்தரை ஓரத்துக்கு ஒதுக்கிய பின்னர் அவ்வோரத்துக்கு 'நடைபாதை' என்னும் பெயர் வந்தது. அங்கமர்ந்து விற்பவன் ஆக்கிரமிப்பாளனுமானான்.

பல ஆண்டுகளின்முன் விடைத்தாள் திருத்தக் கொழும்பு சென்ற யான், கோட்டைப் புகைவண்டி நிலையத்தை விட்டு வெளிவந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒல்கொட் மாவத்தை ஓரத்திலே குடை விற்ற முதியவர், விலை பேசுமுன்னரே ஒன்றை விரித்துத் தந்தார். “காசு பிறகு பாப்பம், ஐயா, முதல்ல புத்தகத்தைக் காப்பாத்துங்கோ” என்றார். அடுத்த முறை சென்றபோது அவ்விடம் வெறுமையாய்க் கிடந்தது. அவர் எங்கே போனாரென்று பக்கத்துத் தேநீர்க்கடையிலும் அறிந்தாரில்லை.

2014ஆம் ஆண்டில் பஸ்தியன் மாவத்தையிலே நீரின்மேல் மிதக்கும் சந்தை அழகுற அமைக்கப்பட்டது. வீதியோர வியாபாரிகளுக்கு அங்கே கடைகள் கிடைத்தன. பார்க்க வந்தவர் பலர், வாங்கியவர் சிலர். நாளடைவிற் பல கடைகள் மூடின. பஸ்ஸுக்கு விரைபவன் வழியிற் கண்ட சீப்பை வாங்குவான். சீப்புக்காக வழிமாறிச் செல்லான். கடந்து செல்லும் கால்களே இவ்வியாபாரியின் முதல். அவனுக்குக் கூரையைக் கொடுத்தவர்கள் அக்கால்களைக் கொடுக்க மறந்தனர்.

நடப்போர் வழக்கும் பொய்யன்று. பண்டக் குவியலைச் சுற்றி வாகனங்களிடையே இறங்கி நடக்கும் கர்ப்பிணியையும், கோலூன்றித் தடவிச் செல்லும் பார்வையற்றவரையும் மறந்து வியாபாரிக்குப் பரிந்து பேசுதல் அறமாகாது. ஆயினும், இவர்கள் சில அடி நிலத்துக்கு வழக்காடுகையில், அருகே நிறுத்திய மோட்டார் வண்டியொன்று அதனினும் மிகுந்த இடத்தை அடைத்து வாளாவிருக்கின்றது! அதனை ஆக்கிரமிப்பென்பார் அரியர்.

இந்தியாவில் 2014இல் இயற்றிய சட்டமொன்று, விற்குமிடங்களை ஆராயும் நகரக் குழுவில் நூற்றுக்கு 40 பேரேனும் வியாபாரிகளின் பிரதிநிதிகளாயிருத்தல் வேண்டுமென்கின்றது. நம் மாநகரங்களிலும் இடம் வகுக்குமுன் அவ்வாறு அவர்களைக் கேட்கலாம். எவ்விடத்தே எப்பொழுது கால்கள் மிகும் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் யார்?

முதியவர் தந்த குடை இன்றும் என்னிடமுண்டு. ஒரு கம்பி முறிந்துவிட்டது. திருத்துவோரைத் தேடி மறுபடியும் புறக்கோட்டை ஓரத்துக்கே போகவேண்டியிருக்கின்றது.