அன்ரி கையில் ஒரு வெள்ளைக் கோடு

பரீட்சை, ப்ராஜெக்ட்னு ஓடினதுல ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. இன்னிக்குப் பதிவு கொஞ்சம் சீரியஸ். மொக்கை தேடி வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க :-)

நான் குடியிருக்கிறது பிரான்காச்சோவில். பலேர்மோ நகரத்தோட தென்கிழக்கு ஓரம். இத்தாலிக்காரங்ககிட்ட இந்தப் பேரைச் சொன்னா புருவம் தூக்குவாங்க. மாஃபியாவை எதிர்த்துப் பேசின பாதிரியார் பினோ புலீசியை 1993 செப்டம்பர் 15 அன்னிக்குச் சுட்டுக் கொன்னது இங்கேதான். எனக்குத் தெரிஞ்ச பிரான்காச்சோ வேற. வாடகை கம்மி, ரயில் ஸ்டேஷன் பக்கம், மாடிப்படியில் ஏறும்போதே மீன்குழம்பு வாசனை. நான் தங்கியிருக்கிற ரூமோட சொந்தக்காரங்க யாழ்ப்பாணத்துக் குடும்பம். அன்ரி, மாமா. மகள் மிலானோவில் படிச்சுட்டு வேலை தேடிட்டு இருக்கா. ("ஆன்ட்டி"ன்னு கூப்பிட்டுட்டு இருந்தேன். "அதென்ன தம்பி ஆண்டி, பண்டாரம் மாதிரி?"ன்னு கேட்டதுக்கப்புறம் அன்ரிதான்.)

அன்ரி இருபது வருஷத்துக்கு மேல வீட்டு வேலை செய்றாங்க. ஒரு நாளைக்கு மூணு வீடு. மாப் பிழியுறது, ஜன்னல் துடைக்கிறது, இஸ்திரி. எல்லாத்துக்கும் வலது கைக் கட்டைவிரல்தான் மூலதனம். அந்த விரலோட அடிமூட்டு தேய்ஞ்சு போச்சு. இங்கே இதுக்கு ரித்ஸோஆர்த்ரோசின்னு பேர். சாவி திருகினாலே உயிர் போகுதுன்னு சொல்லுவாங்க. பிப்ரவரியில் ஒரு கிளினிக்ல மூட்டுக்குள்ள ஊசி போட்டாங்க. ஒரு வாரத்துல வலி காணாமப் போச்சு. அன்னிக்குக் கொண்டாட்டமா எங்களுக்கு ஒடியல் கூழ் கிடைச்சுது.

ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி என் ரூம் கதவைத் தட்டினாங்க.

"தம்பி, உந்தக் கடுதாசியை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன். என்ன மருந்து போட்டவை எண்டு."

கையை நீட்டினாங்க. கட்டைவிரல் அடியில, ஊசி போட்ட இடத்துல, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளுத்த தோல். கொஞ்சம் பள்ளமா, சிகரெட் பேப்பர் மாதிரி மெலிசா, கீழே ஓடுற நரம்பு தெரியுற அளவுக்கு. அங்கேயிருந்து முழங்கையைப் பார்த்து ஒரு வெள்ளைக் கோடு, யாரோ சாக்பீஸால இழுத்த மாதிரி.

"வெண்குட்டம் தானே தம்பி?"

மூணு வாரமா முழுக்கை ஸ்வெட்டர் போட்டுட்டு இருந்தது குளிருக்காக இல்லைன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. மாமாவுக்கே காட்டல. வேலை செய்ற ஒரு வீட்டம்மா கையைப் பார்த்துட்டு, "இது ஒட்டுமா?"ன்னு கேட்டு, அன்னிலேர்ந்து சமையலறைப் பக்கம் வர வேணாம்னு சொல்லிட்டாங்களாம். போதாக்குறைக்கு மகளுக்குக் கனடாவில் ஒரு சம்பந்தம் பேசிட்டு இருக்காங்க. "தாய்க்கு இருக்கெண்டா பிள்ளைக்கும் வரும் எண்டு சொல்லுவினம்"னு சொல்லும்போது குரல் உடைஞ்சுது.

கடுதாசியில் இருந்த மருந்து: ட்ரையாம்சினோலோன் அசிட்டோனைடு, 40 மில்லிகிராம்.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் டாக்டர் இல்ல, சர்க்யூட் படிக்கிறவன். ஆனா அந்த ராத்திரி தூங்காம படிச்சதும், அப்புறம் தோல் டாக்டர்கிட்டப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டதும் இதுதான்.

ஸ்டீராய்டுக்கும் மூட்டுவலிக்கும் பழைய பந்தம். அமெரிக்காவில் மேயோ கிளினிக்ல பிலிப் ஹென்ச்னு ஒரு டாக்டர் இருந்தார். மூட்டுவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தாலோ, கர்ப்பமானாலோ வலி குறையுறதைக் கவனிச்சவர். உடம்பே எதையோ சுரக்குதுன்னு தேடிப்போனார். 1948 செப்டம்பர்ல, எட்வர்ட் கெண்டல் பிரிச்செடுத்த ஒரு பொருளை, படுக்கையை விட்டு எழ முடியாம இருந்த ஒரு பெண்ணுக்கு ஊசியாப் போட்டார். சில நாள்ல அந்தம்மா எழுந்து நடந்தாங்க. அதுதான் கார்ட்டிசோன். 1950-ல் இவங்க ரெண்டு பேருக்கும், ஸ்விட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு. அடுத்த வருஷமே, உடம்பு முழுக்க மருந்து போக வேண்டாம்னு, மூட்டுக்குள்ளேயே நேரா போடுற முறை வந்துருச்சு.

மூட்டுக்குள்ள போடுறதுல ஒரு சூட்சுமம். மருந்து சீக்கிரம் கரைஞ்சு ஓடிடக் கூடாது. அதனாலதான் ட்ரையாம்சினோலோன் மாதிரி லேசில் கரையாத மருந்து. பொடிப்பொடிப் படிகமா மூட்டுக்குள்ள தங்கி, வாரக்கணக்குல மெதுவா வேலை செய்யும். இடுப்பு மாதிரி ஆழமான மூட்டுன்னா பிரச்சினை குறைவு. கட்டைவிரல், மணிக்கட்டு, முழங்கை மாதிரி இடத்துல தோலுக்கும் மூட்டுக்கும் நடுவுல சதையே இல்ல. ஊசியை உருவும்போது அந்த வழியா கொஞ்சம் மருந்து கசிஞ்சு தோலுக்கு அடியில தங்கிடுச்சுன்னா, அங்கேயும் அதே மாதிரி மெதுவா வேலை செய்யும். கொழுப்பு கரையும், தோல் மெலியும், நிறம் கொடுக்கிற செல்கள் வேலையை நிறுத்திடும்.

அந்தக் கோடு? தோலுக்கு அடியில நிணநீர்க் குழாய்கள் இருக்கு. மருந்துத் துகள் அது வழியா மேலே போகும்போது, போற பாதை முழுக்க வெளுக்கும்னு விளக்கம் சொல்றாங்க. கோடு எப்பவும் விரலிலிருந்து உடம்பைப் பார்த்தே போறது அதனாலதான். வெள்ளைக்காரத் தோல்ல இது கண்ணுக்கே தெரியாமப் போகலாம். நம்ம தோல்ல பளிச்சுனு தெரியும். ஊசி போட்டவங்க இதை அவ்வளவாப் பார்த்திருக்க மாட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

குடும்ப டாக்டர்கிட்டச் சீட்டு வாங்கி, மே கடைசியில் தோல் டாக்டரைப் பார்த்தோம். ஐம்பது வயசு அம்மா. லைட்டை அணைச்சுட்டு ஊதா விளக்குல கையைப் பார்த்தாங்க. பஞ்சால தொட்டு "தெரியுதா?"ன்னு கேட்டாங்க. தொழுநோய்ன்னா அந்த இடத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும். அன்ரிக்கு நல்லாவே தெரிஞ்சுது. உடம்புல வேற எங்கேயும் புள்ளி இல்ல. ஊசி போட்ட தேதி, இடம், மருந்து எல்லாம் பொருந்துது. அவங்க சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட விதத்துல சொல்றேன்: வெண்புள்ளியில் நிறம் கொடுக்கிற செல் அழிஞ்சு போகுது, இங்கே செல் இருக்கு, தூங்குது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல நிறம் திரும்பும். சிலருக்கு முழுசாத் திரும்பாது. வெயில் படாம பார்த்துக்கோங்க, நிறத்துக்கு மேல ஒட்டுற க்ரீம் வேணும்னா போடுங்க, அதே இடத்துல அதே மருந்து இப்போதைக்கு வேண்டாம்.

இது ஒட்டாது. மகளுக்கு வராது.

"ஊசி போடேக்கை இதை ஒருத்தரும் சொல்லேல்லை"ன்னாங்க அன்ரி. டாக்டரம்மா கொஞ்சம் தயங்கிட்டு, "சொல்லியிருக்கணும்"னாங்க.

எனக்கு இன்னொண்ணும் உறுத்துது. வெண்புள்ளியே ஒட்டுவாரொட்டி கிடையாது. "குட்டம்"ங்கிற சொல்லை அது மேல ஒட்டவெச்சது நாமதான். தமிழ்நாட்டுல அந்தப் பேரை மாத்தச் சொல்லிப் போராடி, "வெண்புள்ளி"ன்னு அரசாணையே வாங்கினாங்க. ஆணை வந்து என்ன, பலேர்மோவுல ஒரு அடுக்குமாடி வரைக்கும் பழைய சொல்தானே வந்திருக்கு? "இது வெண்குட்டம் இல்ல"ன்னு சொல்லி நான் அன்ரியைத் தேத்தினப்போ, நிஜமாவே வெண்புள்ளி இருக்கிற ஒருத்தரை மறுபடியும் தள்ளி நிறுத்திட்டேனோன்னு தோணுச்சு.

அன்னிக்கு ராத்திரி ஊருக்கு ஃபோன் போட்டேன். எங்கம்மாவுக்கும் முட்டிவலி.

"நானும் மூணு ஊசி போட்டுட்டேன்டா. நல்லாத்தான் இருக்கு."

"என்ன மருந்தும்மா?"

"அதெல்லாம் யாருடா கேட்டா? முட்டி ஊசி."

ஆக மக்களே, நம்ம அம்மா அப்பாவுக்காக நாலே விஷயம். ஒண்ணு, மருந்து பேரையும் அளவையும் எழுதி வாங்குங்க. ரெண்டு, கை விரல், மணிக்கட்டு மாதிரி இடம்னா, தோல் வெளுக்க வாய்ப்பு உண்டா, சீக்கிரம் கரையுற மருந்து போட முடியுமான்னு கேளுங்க. மூணு, சர்க்கரை இருக்கிறவங்களுக்கு ஊசிக்கப்புறம் சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிடுங்க. நாலு, வெளுக்கிறது அவசரம் இல்ல; ஆனா மூட்டு வீங்கி, சூடாகி, காய்ச்சலோட வலி ஏறினா அது கிருமித்தொற்றா இருக்கலாம், அன்னிக்கே ஓடுங்க. ஊசியே கூடாதுன்னு நான் சொல்லல. அன்ரியே "நோ போனது உண்மை தம்பி"ன்னுதான் சொல்றாங்க.

இப்போ நவம்பர். கோடு பாதி மங்கிடுச்சு. காசு அளவு வெள்ளைக்குள்ள நாலஞ்சு மாநிறப் புள்ளி முளைச்சிருக்கு. அந்த வீட்டு வேலை திரும்பக் கிடைக்கல. டாக்டர் சீட்டைக் காட்டியும் அந்தம்மா மசியல. போன ஞாயித்துக்கிழமை கனடாக்காரங்க வீடியோவுல வந்தாங்க. நான் அடுப்படியில தேத்தண்ணி போட்டுட்டு இருந்தேன். அன்ரி அரைக்கை ப்ளவுஸ்ல உட்கார்ந்து, அவங்க கேட்கிறதுக்கு முன்னாடியே கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாங்க:

"இது ஊசி போட்டதாலை வந்தது. நீங்கள் பிறகு பார்த்திட்டுக் கேக்கக் கூடாது, அதான் இப்பவே சொல்லுறன்."

அந்தப் பக்கத்துலேர்ந்து என்ன பதில் வந்துச்சுன்னு கேட்கல. பால் பொங்கிடுச்சு.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்ல. தோல்ல மாற்றம் தெரிஞ்சா டாக்டரைப் பாருங்க. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆகியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அன்ரிக்கு வாசிச்சுக் காட்டுறேன்.