அறையைப் பார்க்காதீங்க... வளவைப் பாருங்க!

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், நம் ஆபீஸ் இளைஞர் உடனே ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பிவிடுவார். நம் ஊர் டிராஃபிக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அங்கேயும் தரிசித்துவிட்டுத் திரும்புவார்!

இத்தாலிக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. டஸ்கனி பக்கம் கிராமத்துப் பண்ணை வீடுகளிலேயே விருந்தாளிகளைத் தங்க வைக்கிறார்கள். இதற்கென்று 1985-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். விவசாயம்தான் மெயின் தொழில், ரூம் வாடகை பக்க வருமானம் என்பது கண்டிஷன்.

நமக்கு அவ்வளவு தூரம் எதற்கு? பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் புதுக்கோட்டையில் இறங்கினால் போதும். இத்தாலி பளிங்கே கப்பலேறி வந்து குடியிருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் இருக்கின்றன. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் நகரத்தார் ஊர்கள் 70-க்கும் மேல். பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடி டைல்ஸ், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு... தொட்டுப் பார்த்தால் விரல் வழுக்கும்!

சரி, எங்கே தங்கலாம்?

ஒன்று, அரண்மனை ரகம். முழு வீட்டையும் ஓட்டலாக மாற்றியிருப்பார்கள். திருமயம் பக்கம் கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்', சிவகங்கை மாவட்டம் கானாடுகாத்தானில் 'விசாலம்' இந்த ரகம். வாடகை ஆயிரங்களில். கல்யாணமான புதுசில் ஒரு ராத்திரி தங்கலாம். இரண்டாவது ராத்திரி பர்ஸைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு, சாப்பாட்டு ரகம். காரைக்குடி 'பங்களா' ஒரு காலத்தில் செட்டியார்களின் கிளப். 1999-லிருந்து ஓட்டல். வாழை இலைக்காகவே போகிறவர்கள் உண்டு.

மூன்று, வீட்டுக்காரர் ரகம். சொந்தக்காரர் ஒரு பக்கம் இருந்துகொண்டு இரண்டு மூன்று அறைகளை மட்டும் விடுவார். சாப்பாட்டை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஆனால் வீட்டின் கதை ஓசியில் கிடைக்கும்.

நான்கு, பேச்சிலர் ரகம். புதுக்கோட்டை டவுனில் லாட்ஜ் போட்டுக்கொண்டு, 1687-ல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை, சித்தன்னவாசல் என்று பகலில் சுற்றுவது. நாலு பேர் பங்கு போட்டால் கையைக் கடிக்காது.

எதுவானாலும், ஏ.ஸி. உண்டா, டி.வி. உண்டா என்று அறையை மட்டும் விசாரிக்காதீர்கள். அந்த வீடுகளில் அறை என்பது கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒதுக்கிய இடம். சீர் சாமான் வைக்கத்தான் அதிகம் பயன்பட்டது. உட்காருவது, பேசுவது, படுப்பது எல்லாம் வளவில்தான். நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, தாழ்வாரம். முன்வாசலிலிருந்து பார்த்தால் பின்வாசல் தெரியும், காற்று நேராக ஓடும். ராத்திரி வளவில் உட்கார விடாத இடத்துக்கு, எத்தனை ஸ்டார் இருந்தாலும், லாட்ஜே தேவலை.

திருமயம் பக்கம் ஒரு கிராமத்தில் பூட்டிய வீடு ஒன்றைக் காவல்கார அண்ணன் திறந்து காட்டினார். மேலே ஓடு சரிந்து, வளவில் மழைத் தண்ணீர்.

"ஏண்ணே, ரிப்பேர் பண்ணக் கூடாதா?"

"பங்காளிக பதினாலு பேரு தம்பி. ஒருத்தரு சிங்கப்பூரு, ஒருத்தரு அமெரிக்கா. ஓடு மாத்தவே பதினாலு பேரும் சரின்னு சொல்லணும்."

1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கே கொடுத்து வாங்கல் செய்த பலரின் கணக்கு அப்படியே நின்றுபோனது. வீடு மட்டும் மிச்சம். பராமரிக்க முடியாதவர்கள் இடித்து விற்றார்கள். கதவு ஒரு கடையில், தூண் இன்னொரு கடையில் என்று காரைக்குடியில் விலைக்குக் கிடைக்கிறது. பி.காம்.மில் பார்ட்னர்ஷிப்பைக் கலைத்துச் சொத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் கணக்கு ஒன்று போடுவோம். அந்தக் கணக்கைக் கண்ணெதிரே பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கடைகளுக்குப் போகலாம்.

2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். சந்தோஷம். ஆனால் உடைந்த ஓட்டைப் பட்டியல் மாற்றாது, வாடகைப் பணம்தான் மாற்றும். பங்காளிகள் பதினாலு பேரையும் "இடிக்க வேண்டாம்" என்று சொல்ல வைக்கக்கூடியதும் அதுதான்.

ஆகவே ஸார், சித்திரை வெயிலைத் தவிர்த்துவிட்டு மார்கழி, தை பக்கமாகக் கிளம்புங்கள். புக் பண்ணும்போது, "உங்க வளவுல எத்தனை தூண்?" என்று ஃபோனில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எண்ணாமலே சொல்கிறவர் வீட்டில் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்!