பழைய வாஷிங் மெஷினைப் பிரிச்சு வித்தா லாபமா?

இந்த எபிசோடுக்கான கேள்வி பல பேர்கிட்ட இருந்து ஒரே மாதிரி வந்தது. "வீட்டுல ஓடாத வாஷிங் மெஷின் கிடக்கு. காயலாங்கடைக்காரர் முழுசா எடுத்தா 600 ரூபாய்ங்கறார். உள்ள மோட்டார்ல செம்பு இருக்கு, பிரிக்கறதுக்கு யூடியூப்ல வீடியோவும் இருக்கு. நாமளே பிரிச்சு வித்தா என்ன?"

நியாயமான கேள்விதான். பழைய இரும்பைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ன ஊர் நம்ம ஊர். வண்டிக்காரர் நம்ம தலையில மிளகாய் அரைச்சுட்டுப் போறாரோங்கற சந்தேகம் நமக்குப் பரம்பரையா வருது.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெரும்பாலான சாமான்ல லாபம் இல்லை. ஏசில மட்டும் நிஜமாவே காசு இருக்கு. ஆனா நாம தொடக்கூடாத சாமான்ல முதல் இடமும் ஏசிக்குத்தான்.

ஏன்னு பார்ப்போம். பழைய உலோகத்துக்கு விலை வர்றது அதோட எடையால மட்டும் இல்லை, அது எவ்வளவு சுத்தமா இருக்குங்கறதாலயும்தான். நான் இருக்கறது பாடி. ஒரு பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்யற லூகாஸ் டிவிஎஸ், இன்னொரு பக்கம் 1964-ல தொடங்கின அம்பத்தூர் எஸ்டேட். ஒரு பட்டறையில இருந்து வர்ற லேத் சுருள் மொத்தமும் ஒரே ரக இரும்பு. என்ன ரகம்னு வாங்கறவருக்குத் தெரியும், அதனால விலை பேச அஞ்சு நிமிஷம் போதும். வீட்டு மிக்ஸி அப்படி இல்லை. பிளாஸ்டிக், இரும்பு, செம்பு, அலுமினியம், ரப்பர், வார்னிஷ் எல்லாத்தையும் திரும்பப் பிரிக்க முடியாதபடி ஒண்ணா இறுக்கி வெச்சிருப்பாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதிட்டுப் போன கோட் மாதிரி. பிரிக்கறதுக்கு ஆகற உழைப்புதான் இந்தத் தொழிலோட முக்கியச் செலவு.

இந்த எபிசோடுக்காகவே எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடில கிடந்த ஒரு செமி ஆட்டோமேட்டிக்கை நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் பிரிச்சோம். மூன்றரை மணி நேரம் ஆச்சு. கணக்கு இது: பிளாஸ்டிக் 9 கிலோ, கிலோ 12 ரூபாய்னு சுமார் 110. இரும்பு 5 கிலோ, 26 ரூபாய்னு 130. வாஷ் மோட்டார் செம்பு, 4 கிலோ, பிரிக்காம அப்படியே கொடுத்தா கிலோ 90, ஆக 360. ஸ்பின் மோட்டார் அலுமினியம், இரண்டரை கிலோ, கிலோ 45, சுமார் 110. ஒயர் 60 ரூபாய். மொத்தம் 770. முழுசா கொடுத்திருந்தா 600. வித்தியாசம் 170 ரூபாய், அதை ரெண்டு பேர் பங்கு போடணும். இது எங்க தெருக் கடையில ஒரு நாள் சொன்ன விலைதான். செம்பு விலை லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்சைப் பார்த்து ஏறி இறங்கும், உங்க ஏரியாவுல வேற மாதிரி இருக்கலாம்.

ரெண்டு மோட்டார்ல ஒண்ணு அலுமினியம்னு சொன்னேன்ல, அங்கதான் நிறைய பேரோட கணக்கு உதைக்கும். விலை குறைஞ்ச மாடல்கள்ல சுருளே அலுமினியமா இருக்கும். மேல பூசியிருக்கற வார்னிஷ் செம்பு நிறத்துலயே இருக்கறதால பார்த்தா தெரியாது. பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம். அதே மாதிரி காந்தம் ஒட்டுச்சுன்னா வெறும் இரும்புதான்னு முடிவு பண்ணாதீங்க. எவர்சில்வர்லயே காந்தம் ஒட்டற ரகம் இருக்கு, வாஷிங் மெஷின் டிரம்ல அது சகஜம்.

அப்போ கடைக்காரருக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகுது? அந்தக் கடையில வேலை செய்யற அண்ணன்கிட்டயே கேட்டேன். "தம்பி, நீ மூணு மணி நேரம் பண்ணத நான் கால் மணி நேரத்துல முடிச்சிருவேன். அதுவும் இல்லாம மோட்டார் ஓடுச்சுன்னா அதை நான் எடைக்குப் போட மாட்டேன்." ரெண்டாவது வரிதான் முக்கியம். ஓடற மோட்டார், டைமர், கியர் பாக்ஸ் எல்லாம் மெக்கானிக் கடைக்குப் போகுது. எடைக்குப் போட்டா வர்றதை விட ஸ்பேர் பார்ட்டா வித்தா அவருக்கு அதிகம் கிடைக்குது. நம்மகிட்ட அந்த மெக்கானிக்கோட நம்பர் இல்லை.

ஃபிரிட்ஜ் இன்னும் மோசம். வெளித் தகட்டுக்கும் உள் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல ஃபோமை ஊத்தி ஒட்டியிருப்பாங்க. ஃபோம் ஒட்டின தகட்டுக்குக் கடையில விலையைக் குறைப்பாங்க. காசு இருக்கறது கம்ப்ரசர்ல. அதை எடுக்கணும்னா பைப்பை வெட்டணும், வெட்டினா கேஸ் போயிடும். புது ஃபிரிட்ஜ்கள்ல ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கற வாயு. அளவு கம்மிதான், ஆனா அடைச்ச ரூம்ல கிரைண்டர் பொறி பட்டா விளையாட்டு இல்லை. கம்ப்ரசர் மேல ஸ்டிக்கர்ல என்ன கேஸ்னு எழுதியிருக்கும்.

ஏசிக்கு வருவோம். ஸ்பிளிட் ஏசில உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் நடுவுல போற மூணு மீட்டர் செம்புப் பைப்பே ஒரு கிலோவுக்கு மேல இருக்கும். கிலோ 600 ரூபாய்க்கு மேல போற சுத்தமான செம்பு. கழட்ட வர்ற மெக்கானிக் "பைப்பை நான் எடுத்துக்கறேன் சார்"னு ரொம்ப சாதாரணமாச் சொல்றது இதனாலதான். கண்டென்சரும் செம்பா இருந்தா நல்ல காசு. (சில புது மாடல்ல அதுவும் அலுமினியம்.)

பிரச்சினை என்னன்னா, உள்ள இருக்கற கேஸ். ஆர்-410ஏ ஒரு கிலோவைக் காத்துல விட்டா, 100 வருஷக் கணக்குல, சுமார் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ வரும். அப்போ இது கிட்டத்தட்ட 900 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கற பைக்ல பூமியையே ஒரு சுத்து சுத்தி வரலாம். பைப்பை ஆக்சா பிளேடால அறுத்தா இவ்வளவும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். ஏசி ஓடற நிலைமைல இருந்தா, மெக்கானிக் வால்வை மூடி கேஸை வெளி யூனிட்டுக்குள்ளயே இழுத்து நிறுத்த முடியும், பம்ப் டவுன்னு சொல்வாங்க. கம்ப்ரசர் போயிருந்தா கேஸை உறிஞ்சி எடுக்கத் தனி மெஷின் வேணும்.

மைக்ரோவேவ் அவனைத் திறக்கவே திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டர்ல ஆளைக் கொல்ற அளவுக்கு மின்சாரம் நிக்கலாம்.

பழைய பிக்சர் டியூப் டிவியைப் பத்தி நம்ம மாநிலத்துல தனியாவே பேசணும். 2006-ல தொடங்கின இலவச கலர் டிவி திட்டத்துல மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல 14 இன்ச் டியூப் டிவி வீடுகளுக்குப் போச்சு. அதுல விலை போறது டியூப் கழுத்துல இருக்கற செம்புச் சுருள் மட்டும்தான். ஈயம் கலந்த கண்ணாடியை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாங்க. சுருளை உருவிட்டு டியூப்பைக் காலி மனைல வீசறாங்க. 2011-ல இருந்து கொடுத்த இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இப்போ வரிசையா அதே இடத்துக்கு வந்துட்டிருக்கு.

"சர்க்யூட் போர்டுல தங்கம் இருக்காமே?" இருக்கு. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான்ல கிட்டத்தட்ட 79,000 டன் பழைய சாதனமும் 62 லட்சம் மொபைலும் சேர்த்தாங்க. கிடைச்ச தங்கம் 32 கிலோ. உங்க வாஷிங் மெஷின் போர்டுல எவ்வளவு தேறும்னு நீங்களே பார்த்துக்குங்க. இந்தத் தங்கத்துக்காக டெல்லி சீலம்பூர்லயும் உத்தரப் பிரதேசத்துல மொராதாபாத்லயும் ஆளுங்க போர்டை எரிக்கறாங்க, ஆசிட்ல முக்கறாங்க. ராம்கங்கை கரையில குவிஞ்ச அந்தச் சாம்பல் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. நம்ம ஊர்ல ஒயரை எரிச்சுச் செம்பு எடுக்கறதும் இதுக்குத் தம்பிதான். பிவிசி எரியும்போது டயாக்சின் வரும். இத்தனைக்கும் கருகின செம்புக்குச் சுத்தமான செம்பை விட விலை கம்மி. உறிச்ச ஒயருக்குத்தான் நல்ல விலை.

இந்தக் கணக்குல நமக்குத் தெரியாத இன்னொரு பணமும் ஓடுது. 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள்படி, சாமானைத் தயாரிச்ச கம்பெனிதான் அதோட மறுசுழற்சிக்கும் பொறுப்பு. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகிட்ட சான்றிதழ் வாங்கணும். அதுக்குக் கிலோவுக்குக் குறைஞ்சது 22 ரூபாய் கொடுக்கணும்னு அரசு சொன்னதும் டெய்கின், சாம்சங், எல்ஜி மாதிரி கம்பெனிங்க டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிட்டாங்க. அந்தச் சான்றிதழ் கணக்காகறதே தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு இந்த நாலை வெச்சுத்தான். செம்பை நாம மாடிலயே உருவிட்டு மிச்சத்தை அனுப்பினா, முறையா செய்யற ஆலைக்கு வெறும் கூடுதான் போய்ச் சேருது. முறையான ஆலைங்க காயலாங்கடையோட போட்டி போட முடியாம தவிக்கறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நான் என்ன பண்ணுவேன்? புதுசு வாங்கறதா இருந்தா எக்ஸ்சேஞ்ச்ல கேட்பேன். காயலாங்கடை விலையைக் கையில வெச்சுட்டுக் கேட்டா கடையில கொஞ்சம் இறங்கி வருவாங்க. வாங்கலைன்னா ஃபிரிட்ஜ், ஏசி, டியூப் டிவி மூணையும் கம்பெனியோட டோல் ஃப்ரீ நம்பருக்கோ, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பட்டியல்ல இருக்கற ஆலைக்கோ, பிரிக்காம கொடுப்பேன். மிக்ஸி, ஃபேன், கிரைண்டர் மோட்டாரைப் பிரிக்க ஆசை இருந்தா தாராளமா பிரிங்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லாப் போகும், காசை மட்டும் எதிர்பார்க்காதீங்க.

ஏசி கழட்ட ஆள் வர்றதுக்கு முன்னாடி போன்லயே ரெண்டு கேள்வி கேட்டுடுங்க: பம்ப் டவுன் பண்ணித்தான் கழட்டுவீங்களா, பைப் யாருக்கு?