கையகலத் தீவில் ஒரு போர்

வங்காலைப் புனித ஆனாள் ஆலயத்தின் மாலை மணி ஒலித்து ஓய்ந்த வேளை அது. கடற்கரையை அடுத்த ஒரு வீட்டுத் திண்ணையிலே பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கைத்தொலைபேசியும் கையுமாக அமர்ந்திருந்தான். திடீரெனப் படபடவென்று துப்பாக்கி வேட்டொலி எழுந்தது. அடுக்களையில் இருந்த மூதாட்டி கைவேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, "உள்ளுக்கு வா மோனே!" என்று பதறினார். பேரனோ நிமிர்ந்தும் பாராமல், "இது கேம், அம்மம்மா" என்றான்.

1985 சனவரியிலே தம் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளாரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த ஊர் இது. வேட்டொலி கேட்டால் எந்தச் சுவரோரம் பதுங்குவது என்பதை அம்மூதாட்டி அறிவார். பேரனோ 2009இல் போர் ஓய்ந்த பின்பு பிறந்தவன். அவனுக்கு அவ்வொலி பொழுதுபோக்கு. வீடியோ விளையாட்டுக்களால் சமுதாயத்துக்கு நன்மையா, தீமையா என்று பட்டிமன்றங்களிலே மாணவர் முழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு அந்தத் திண்ணைதான் கண்முன் தோன்றுகின்றது.

அவன் ஆடியது 'ஃப்ரீ ஃபயர்' என்னும் விளையாட்டு. ஐம்பது பேர் வான்குடை வழியே ஒரு தீவில் இறங்குவர். ஆயுதங்களைத் தேடி எடுத்து ஒருவரை ஒருவர் வீழ்த்துவர். எஞ்சி நிற்பவன் வென்றவன். ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உடனே அடுத்ததைத் தொடங்கலாம். இது இங்குப் பரவியதற்கு நாமும் ஒருவகையிற் காரணரே. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளையின் படிப்புக் கெடலாகாதென்று கடனோ உடனோ பட்டுக் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலர். பாடம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கருவி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

புதியது ஒன்று வரும்போது மூத்தோர் அஞ்சுவது வழக்கந்தான். சினிமா வந்தபோதும், வானொலியிலே திரைப்பாடல்கள் ஒலித்தபோதும், துப்பறியும் நாவல்கள் மாணவரின் பாடநூலுக்குள் ஒளிந்திருந்தபோதும் உலகம் கெட்டுவிட்டதென்றே அவர்கள் வருந்தினர். 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்' இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியும் கொண்ட எளிய பந்தாட்டமே. 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னொவ் ஆக்கிய 'டெட்ரிஸ்' வெறும் கட்டையடுக்கு. அவற்றால் எவரும் கெட்டதாக நாம் அறியோம்.

துப்பாக்கி விளையாட்டு ஆடுபவன் கொலைஞனாவானோ? இங்கே ஆராய்ச்சியாளர் நம்மைச் சற்று ஆறுதற்படுத்துகின்றனர். ஏறத்தாழ ஆயிரம் பிரித்தானியச் சிறுவரைக் கொண்டு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வு, வன்முறை விளையாட்டுக்கும் சிறுவரின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு காணவில்லை. நன்மையும் உண்டு. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, முன்னர் வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இவ்விளையாட்டுக்களிற் பழகிய சத்திரசிகிச்சை மருத்துவர்கள், நுண்துளைச் சத்திரசிகிச்சைப் பயிற்சியிலே ஏனையோரைவிட 37 வீதம் குறைவான பிழைகளே விட்டனராம். (அவர்கள் மருத்துவமும் படித்தவர்கள் என்பதை நம் பிள்ளைகள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.) குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரசின் நொதியமைப்பு அறிஞர்களைப் பல்லாண்டு திணறவைத்தது. 'ஃபோல்டிட்' என்னும் விளையாட்டை ஆடியோர் அதனை மூன்றே வாரங்களில் விடுவித்த செய்தி 2011இல் வெளியாயிற்று.

அப்படியாயின் தீங்கு எங்கே உள்ளது? துப்பாக்கியைவிட, ஆட்டத்தை விடமுடியாமற் செய்யும் சூழ்ச்சியிலேதான் என்பது எமது எண்ணம். 'ஃப்ரீ ஃபயர்' ஆடுவதற்குக் காசு வேண்டாம். ஆனால் வீரனுக்குப் புதுச்சட்டை, துப்பாக்கிக்கு வண்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் 'டயமண்ட்' கேட்கும். அது காசுக்கே கிடைக்கும். கடற்காற்று ஓங்கித் தொழில் இல்லாத நாளில் நூறு ரூபாயின் அருமை தகப்பனுக்குத் தெரியும். திரையிலே அது வெறும் எண். உலக சுகாதார அமைப்பு, கட்டுப்படுத்த இயலாத விளையாட்டுப் பழக்கத்தை ஒரு நோயாக 2019இல் ஏற்றுக்கொண்டது. படிப்பும் உறவும் கெட்ட பின்னரும் ஆட்டத்தை நிறுத்த முடியாத நிலை, பொதுவாக ஓராண்டளவு நீடித்தாலே அது நோயெனப்படும். விடுமுறையில் இரண்டு நாள் ஆடிய பிள்ளையை நோயாளி என்று ஏசுவது பொருந்தாது.

சட்டத்தால் அடக்கவும் முயன்றிருக்கின்றனர். இந்தியா 2020 செப்டெம்பரில் 'பப்ஜி'யைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே அது வேறு பெயர் சூடி வந்துவிட்டது. சீனா 2021இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் இரவு எட்டிலிருந்து ஒன்பது மணி வரையே இணைய விளையாட்டு ஆடலாமென வரையறுத்தது. மூத்தோரின் பெயரிற் கணக்குத் திறக்கும் பிள்ளைகளை எந்தச் சட்டம் பிடிக்கும்?

மன்னார்ப் பகுதியாருக்கு உதைபந்தாட்டம் உயிர். கிளித்தட்டும் கிட்டியும் மறைந்த பின்னும் உதைபந்து மறையவில்லை. அண்மையில் ஒரு மாலை மைதானத்தோரம் நின்றோம். உள்ளே பதினைந்து பேர் ஓடினர்; வெளியே சுவரில் நால்வர் தலைகுனிந்திருந்தனர். பந்து அவர்கள் காலடிக்கு உருண்டு வந்தது. ஒருவன் எழுந்து அதை உதைத்தான், நல்ல உதை! பின் மீண்டும் அமர்ந்துவிட்டான். "ஏன் தம்பி, இறங்கி ஆடலாமே?" என்றோம். "அங்க ஆள் கூடிப்போச்சு ஐயா. இதில என்னை எடுப்பாங்கள்" என்றான். அம்மறுமொழி எம்மைச் சிந்திக்க வைத்தது. பதினொருவருக்குட் சேர்க்கப்படாத பையனுக்கு அக்கையகலத் தீவிலே ஓர் இடம் கிடைக்கின்றது.

மூதாட்டியின் வீட்டுக்குச் சென்ற வாரம் மறுபடியும் போயிருந்தோம். பேரன் அதே திண்ணையில், அதே ஆட்டத்தில் இருந்தான். வேட்டொலி மட்டும் கேட்கவில்லை. காதிலே ஒலிவாங்கி ஏதும் மாட்டவில்லை. ஒலியை அடியோடு நிறுத்தியிருந்தான். "எதிரி வருகிற சத்தம் கேளாமல் எப்படி வெல்வாய்?" என்றோம்.

"தோற்கிறதுதான்" என்றான். "அம்மம்மா பயப்பிடுறா."