முல்லோயா கோவிந்தனை எங்கே தேடுவது?

ஹேவாஹெட்ட பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த நேரம், 1940 ஜனவரி 10ந் திகதி, பொலிஸ் சூடு பட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால், "யார் சுடச் சொன்னது? விசாரணையில் என்ன நடந்தது?" என்று பிள்ளைகள் கேட்டால் லயத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. பார்த்தவர்கள் போய்விட்டார்கள். எழுத்தில் உள்ளதுதான் மிச்சம்.

அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது நூலகரின் வேலை. "நமக்கெல்லாம் என்னத்தைத் தரப்போறாங்க" என்று பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள்.

ஆனால் "போராட்டத்தைப் பத்தி புத்தகம் இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால் அவரும் கையை விரிப்பார். தோட்டத்தின் பெயர், வருடம், மாதம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். பெயரில்தான் பெரிய சிக்கல். நாம் முல்லோயா என்கிறோம். இங்கிலீசில் மூலோயா என்று அச்சிட்டிருப்பார்கள். நாம் கூப்பிடும் பெயர் ஒன்று, துரைமார் வைத்த பெயர் வேறொன்று என்று எத்தனை தோட்டங்கள்! இரண்டையும் எழுதுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழில் பெரும்பாலும் இங்கிலீசுப் பெயர் இருக்கும்.

கோவிந்தனின் சாவை விசாரிக்க ஆணைக்குழு வைத்தார்கள். அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்தக் காலத்து ஆணைக்குழு அறிக்கைகளை 'செஷனல் பேப்பர்' என்ற வரிசையில் அச்சிட்டார்கள். அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள், நூலகருக்கு உடனே விளங்கும். பழைய பத்திரிகைகள் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. பஸ் காசைச் செலவழிக்கும் முன் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் போனிலேயே இலவசமாக வாசிக்கலாம்.

ஒரே பேப்பரோடு நிறுத்த வேண்டாம். முதல் நாள் செய்தி அநேகமாக பொலிஸ் சொன்னதாகத்தான் இருக்கும். தொழிலாளி சொன்னது விசாரணை நாட்களில்தான் வெளியே வரும். அந்த நாட்களின் பேப்பரையும் கேளுங்கள்.

நிலப்பறிப்பை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்து சிவனு லட்சுமணன் 1977 மே 11இல் பொலிஸ் சூட்டில் இறந்தார். அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி, யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது என்று மேலே குறித்து, ஒரு பிரதியை நூலகரிடமும் கொடுத்து வையுங்கள்.