நம் ஊர் வைத்தியசாலையை மதிப்பிடுவது எவ்வாறு?

வயல்கள் மறைந்து வீடுகள் பெருகிவிட்ட கோவிலம்பாக்கத்தில் டாக்டர்களின் பெயர்ப் பலகைகளுக்குக் குறைவில்லை. யாரிடம் செல்வது என்று அங்கத்தினர் ஒருவரைக் கேட்டால், "அங்கேதான் எப்போதும் கூட்டம், ஓர் ஊசியில் காய்ச்சல் நின்றுவிடும்" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. சாதாரணச் சளிக்காய்ச்சல் சில நாட்களில் தானாகவே தணியக்கூடியது. அந்தப் புகழ் ஊசிக்குப் போய்ச் சேருகிறது. சங்கத்தில் நகைக்கடன் கேட்டு வருவோர் பலர் கூறும் காரணம் வைத்தியச் செலவு என்பதால், இவ்விஷயத்தை நாம் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சங்கத்தைத் தணிக்கை செய்யச் செல்பவர் கட்டடத்தின் வர்ணத்தைப் பார்த்து மதிப்பிடுவதில்லை. பேரேட்டையும் ரசீதுகளையும் புரட்டுகிறார். அமெரிக்க அறிஞர் அவெடிஸ் டொனபீடியன் 1966-இல் வைத்தியத்தின் தரத்தை அளக்க மூன்று கூறுகளை வகுத்தார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. விளைவை மட்டும் பார்ப்பவர் மேற்கூறிய ஊசியின் புகழில் ஏமாறுவார்.

அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, டாக்டர் தமது பதிவு எண்ணை வைத்தியசாலையில் காட்டி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அது இருக்க வேண்டும். கட்டணமும் பலகையில் எழுதப்பட வேண்டும். எத்தனை இடங்களில் இவை உள்ளன என்பதை அங்கத்தினர்களே பார்த்துக்கொள்ளலாம்.

செயல்முறையே முக்கியமானது. தறியில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர் இருமல் என்று போகிறார். எத்தனை நாட்களாக என்று டாக்டர் கேட்டாரா? இரண்டு வாரங்களைக் கடந்த இருமலென்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினாரா? அனுப்பாமல் மருந்துப் புட்டியை மாற்றி மாற்றிக் கொடுப்பவர், காசநோயாயிருப்பின் அதைக் குடும்பத்தில் பரவ விடுகிறார். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய சானடோரியம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அரசு நிலையங்களில் காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அங்கே அனுப்புகிற டாக்டரைத் திறமையற்றவர் என்று எண்ணுவது தவறு. நீரிழிவோ ரத்த அழுத்தமோ உடையவர், ஒவ்வொரு முறையும் அளவு எடுக்கப்பட்டதா, எடுத்தது சீட்டில் எழுதப்பட்டதா, கால்களைப் பார்த்தாரா என்று கவனிக்கலாம்.

பெயரில்லாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இதைவிடக் கெட்ட வழக்கம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஒவ்வாமை கண்டு இரவில் வேறு டாக்டரிடம் ஓடினால், எதை உட்கொண்டீர் என்ற கேள்விக்குப் பதிலிராது. மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்பதும் அந்நெறிமுறைகளிலேயே உள்ளது. மூலப் பெயர் இருந்தால், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களில் குறைந்த விலைக்கும் வாங்கலாம்; அவற்றுள் பல கூட்டுறவுச் சங்கங்களே நடத்துபவை.

நோயாளி தம் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பதையும் நம்மவர் பலர் அறியார். கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது என உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஆகவே சீட்டையும் ரசீதையும் கிழித்தெறியாமல் ஓர் உறையில் சேர்த்து வைப்பது நலம். அடுத்த முறை அவ்வுறையை நீட்டும்போது, டாக்டர் அதைப் பிரித்துப் படிக்கிறாரா, ஓரமாகத் தள்ளி வைக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.