ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையிலேயே தேறினேன்

2023 ஜனவரி மாதம். தில்லி மயூர் விஹாரில் எதிர் வீடு தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். இரவு இரண்டு மணிக்கு என் கணவருக்கு நெஞ்சு வலி. டாக்சி கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்றார்கள். கீழே எங்கள் கார் நிற்கிறது. சாவி என் கையில் இருக்கிறது. எனக்கோ ஓட்டத் தெரியாது. எதிர் வீட்டு சர்தார்ஜி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து எங்களை மருத்துவமனையில் சேர்த்தார். கடவுள் கிருபையால் இவர் பிழைத்தார். சில மாதங்களுக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். அப்போது எனக்கு வயது 51.

அந்த ஆண்டே முதல் தடவையில் தேர்வில் தேறினேன். சங்கத்தில் பார்க்கும் சகோதரிகள் பலர், "எந்த ஏஜெண்டு மாமி?" என்று கேட்கிறார்கள். ஏஜெண்டு யாரும் இல்லை. நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி எல்.எல்.ஆர்.

பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்று தேவை. தில்லியில் 2021 ஆகஸ்ட் முதல் ஆதார் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே கணினியில் இந்தத் தேர்வை எழுதலாம். நூற்றுக்கு 60 பங்கு சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாலைக் குறிகளை உருவத்தை வைத்துப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சிவப்பு ஓரமிட்ட முக்கோணம் எச்சரிக்கை. வட்டம் கட்டளை. நீலச் செவ்வகம் தகவல். எண்கோணமான 'நில்' பலகையும், தலைகீழ் முக்கோணமான 'வழி விடு' பலகையும் கட்டளையைச் சேர்ந்தவைதாம்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அதுவரை லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும்.

யாருடைய கால்?

ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பத்தாம் நாள், "மேடம்ஜி, பிரமாதமாக ஓட்டுகிறீர்கள்" என்றார் மாஸ்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு அன்று என் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் காரை எடுத்தேன். கேட்டைத் தாண்டுவதற்குள் நான்கு முறை வண்டி நின்றுவிட்டது. "அம்மா, அங்கே ஓட்டியது நீ இல்லை, அவர் கால்" என்றான் பையன்.

உண்மைதான். ஸ்கூல் காரில் மாஸ்டரின் பக்கத்திலும் பிரேக்கும் கிளச்சும் இருக்கின்றன. நம் தவறுகளை எல்லாம் அவர் சத்தமில்லாமல் சரிசெய்துவிடுகிறார். நாமோ கற்றுக்கொண்டுவிட்டதாக நினைக்கிறோம். தேர்வில் தவறுபவர்களில் பலருக்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

மறுநாள் மாஸ்டரிடம், "என்னைப் புகழ வேண்டாம். இன்று உங்கள் கால் எத்தனை முறை பட்டது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். அன்று பதினொரு முறை. கடைசி வகுப்பில் ஒரு முறைகூட இல்லை. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கட்டணம் நாம்தானே கொடுக்கிறோம்!

கோலப்பொடியும் எட்டும்

தில்லியின் பல தேர்வுத் தடங்களில் இப்போது கேமராக்களும் சென்சார்களும்தாம் தேர்வாளர். பக்கத்தில் உட்கார்ந்து இரக்கப்பட ஆள் கிடையாது. எட்டு போடுவது, பின்பக்கமாக 'எஸ்' வடிவில் வருவது, இடுக்கில் நிறுத்துவது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, சிக்னல் ஆகியவை முக்கியமானவை. இடத்துக்கு இடம் சிறிது மாறலாம். ஆகவே முந்தின வாரமே போய் வெளியே நின்று மற்றவர்கள் ஓட்டுவதைப் பாருங்கள்.

நான் ஞாயிறு விடியற்காலையில் எங்கள் காலனி மைதானத்து ஓரத்தில் கோலப்பொடியால் எட்டும் எஸ்ஸும் வரைந்தேன். வாக்கிங் வந்தவர்கள் என்ன பண்டிகை என்று விசாரித்தார்கள்! சக்கரம் எங்கே கோட்டை அழித்தது என்பதை இறங்கிப் பார்த்தால், தவறு எங்கே என்று கோலமே சொல்லிவிடும்.

பின்னால் வரும்போது வண்டியின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம். சமதரையில் கிளச்சை மெள்ள விட்டாலே நடை வேகத்தில் வண்டி நகரும். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பாருங்கள்.

மேட்டில் பலருக்கு வண்டி பின்னால் உருண்டுவிடுகிறது. அதற்கு ஹேண்ட் பிரேக்தான் துணை. அதைப் போட்டுக்கொண்டு முதல் கியரில் கிளச்சை மெள்ள விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அங்கேயே காலை நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். சாய்வான பார்க்கிங் பாதை ஒன்றில் ஒரு நாளைக்கு இருபது முறை இதைச் செய்து பழகினேன்.

தேர்வு நாளன்று

பழகிய வண்டியையே கொண்டு போங்கள். எல்.எல்.ஆர்., ஆர்.சி., இன்ஷூரன்ஸ், மாசுச் சான்று எல்லாம் முதல் நாளே பையில் இருக்கட்டும். ஏறியதும் சீட், கண்ணாடி, பெல்ட் மூன்றையும் சரிசெய்த பிறகே சாவியைத் தொடுங்கள். சிவப்பு விளக்கில் வெள்ளைக் கோட்டுக்கு முன்பே நிற்க வேண்டும். திரும்புமுன் இண்டிகேட்டர் போட மறக்காதீர்கள்.

தவறினாலும் உலகம் முடிந்துவிடாது. ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருந்து, அதற்கான பயிற்சியும் பெற வேண்டும். என் லைசென்ஸ் எனக்கு 60 வயதாகும்வரை செல்லும்.

ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எடுத்த லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். இங்கே வந்து மறுபடி தேர்வு எழுத வேண்டியதில்லை. முகவரியை மாற்றிக்கொண்டால் போதும்.

இப்போது இவரும் பழையபடி ஓட்டுகிறார். ஆனாலும் இரண்டாவது சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போகும்போது நான்தான் ஓட்டுகிறேன். வரும்போது அவர்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நமக்கு, அவசரத்துக்கு வீட்டில் இருப்பவர்கள்தாம் துணை. உங்கள் வீட்டில் கார் இருந்தால், அதை ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் யார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். யாரும் இல்லையென்றால், இந்த மாதமே எல்.எல்.ஆருக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.